சமபங்கு

எனக்கும் வரலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

எங்கள் குடும்பத்தில் காசநோய் ஆள் மாற்றி ஆள் வந்தது. முதலில் அப்பா. பிறகு அக்கா. அப்புறம் தம்பி, அதுவும் இரண்டு தடவை. அப்பாவும் அக்காவும் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி பிழைத்தான். தனித்தனி ஊரில், தனித்தனி வீட்டில் இருந்தவர்களுக்கும் வந்ததால், இது வெறும் ஒட்டுவாரொட்டி மட்டும் இல்லை, பிறவியிலேயே ஏதோ இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் எங்கள் ரத்தத்தைக் கேட்டார்கள்.

கிருமி யார் உடம்புக்குள் வேண்டுமானாலும் போகுமாம். உள்ளே இருக்கும் காவல் பெரும்பாலும் அதை மடக்கிப் போட்டுவிடுமாம். எங்கள் வீட்டுக் காவலுக்குப் பிடி கொஞ்சம் தளர்வு. அப்பா வழியில் வந்த மரபணு. தம்பிக்கு இருப்பதைப் போன வாரமே சொல்லிவிட்டார்கள். உனக்கு நிச்சயமா இருக்காதுக்கா என்று அவனே போனில் சொன்னான்.

எனக்கும் இருக்கிறது.

அப்பா ஒரு குண்டூசிகூட விட்டுப்போகவில்லை என்று தம்பி இன்னமும் புலம்புவான். விட்டுத்தான் போயிருக்கிறார். பாரபட்சம் பார்க்காமல் சமபங்கு.

இருந்தால் வந்தே தீரும் என்றில்லை, இத்தனை நாள் வராதது அதிர்ஷ்டம் என்றார் டாக்டரம்மா. தடுப்பு மாத்திரை எழுதித் தந்தார். இனிமேல் நோயாளியோடு ஒரே அறையில் படுக்க வேண்டாம் என்றார். முடிவை என்னைத் தவிர யாருக்கும் சொல்லமாட்டார்களாம்.

நான் ஏன் சிரித்தேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டில் எனக்குப் பெயரே இரும்பு. அப்பாவின் சளிக் கிண்ணத்தைக் கழுவியவள் நான். அக்காவைத் தோளில் சாய்த்து இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவள் நான். தம்பிக்கு இரண்டு தடவையும் நான்தான். எனக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. வந்த வரன்கள்தான் யாரோ ஒருவருடைய இருமலில் தள்ளிப்போய், பிறகு வராமலே நின்றுவிட்டன.

கல்யாணத்துக்குக் கூப்பிட மறப்பார்கள். இருமலுக்கு மறக்கமாட்டார்கள். ஆறு மாத மருந்து முடிந்து ஆள் தேறியதும் ஒரு புடவை எடுத்துக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார்கள். கறிவேப்பிலைக்கு யாரும் புடவை எடுத்துக் கொடுப்பதில்லை. அந்த வகையில் நான் கொடுத்து வைத்தவள்.

அதற்குப் பிறகு என் அறை. ஹோட்டல் சலவைக்கூடத்துக்கு மேல்மாடி. பகலெல்லாம் யார் யாரோ படுத்தெழுந்த விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். மேலே ஏறி வந்தால் பேச ஒரு ஆள் கிடையாது.

மறைக்க என்ன இருக்கிறது, எனக்கும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ரத்தம் கொடுத்தேன். எனக்கும் வரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இனிமேல் யாரும் கூப்பிடமாட்டார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது.

மருந்துச் சீட்டோடு படி இறங்கும்போது போன் அடித்தது. தம்பி.

"அக்கா, மூத்தவளுக்கும் டி.பி.தான்னு சொல்லிட்டாங்க. வீட்ல கைக்குழந்தை வேற இருக்கு. நீ வந்தா நல்லாருக்கும். உனக்குத்தான் ஒண்ணும் ஆகாதே."

அவனுடைய மூத்த பெண். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

சொன்னால் கோபப்படமாட்டான். நல்லவன்தான். ஐயோ, உடம்பைப் பார்த்துக்கொள் என்பான். வேறு ஆள் தேடிக்கொள்வான். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட அவனுக்கு ஒரு காரணமும் இருக்காது.

இனிமேல் யாரும் கூப்பிடமாட்டார்கள். சற்றுமுன் இதே வார்த்தைதான் இனித்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போனில் அவனுக்குப் பின்னாலிருந்து அத்தை வருவார்களா என்று கேட்கிற குரல். தொடர்ந்து இருமல்.

"வர்றேன்டா. டாக்டரம்மாவும் இரும்புன்னுதான் சொன்னாங்க."

தம்பிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அறையை ஒழித்து, ஜன்னலோரம் எனக்கும் ஒரு கட்டில் போட்டு வைப்பதாகச் சொன்னான்.

மருந்துக்கடையில் மாத்திரையை வாங்கி, அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, பையிலிருந்த மூட்டுவலி மாத்திரை டப்பாவுக்குள் போட்டுக்கொண்டேன்.

பிறகு சலவைக்கூடத்துக்குப் போன் செய்து லீவு கேட்டேன். எங்கே போகிறாய் என்றார் முதலாளி. வீட்டுக்கு என்றேன். எத்தனை நாளைக்கு என்றார்.

ஆறு மாதம் என்று சொன்னபோது என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே வெட்கமாக இருந்தது.