வயலின் இருக்கும் இடம்

ஒரு கணினியில் கானன் என்றொரு இசைப்பதிவு மென்பொருள் இருந்தான். அவனை எழுப்ப இரண்டு பேர். கட்டளைகள் தட்டும் கறுப்பு ஜன்னல் எழுப்பினால் வயலின், வீணை ஒலிகள் எல்லாவற்றோடும் வந்து நிற்பான். திரையில் இருக்கும் ஐகான் எழுப்பினால் வெறுங்கையோடு ஓடி வருவான்.

"ஒருநாள் பாடுது, ஒருநாள் ஊமையாகுது. நாளைக்கு இதை அழிச்சிடணும்" என்றாள் கணினிக்காரி பிலோமினா.

அதைக் கேட்ட ஐகான் கறுப்பு ஜன்னலிடம் போய், "உன் மேல இருக்கிற பிரியம் அவனுக்கு என் மேல இல்லையா?" என்று கேட்டது.

"பிரியமா? வயலின் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு நான் சொல்லித்தான் எழுப்புவேன். நீ?"

"அவனுக்கே தெரியும்னு நினைச்சேன்."

ஜன்னல் அந்த விலாசத்தை ஐகானின் முதுகில் எழுதிக் கொடுத்தது.

மறுநாள் கடைசியாக ஒருமுறை பார்க்கலாமென்று பிலோமினா ஐகானைத் தட்டினாள். ஐகான் விலாசத்தைச் சொல்லி கானனை எழுப்பியது. வயலின் ஒலித்தது. பிலோமினா அழிக்க வந்ததை மறந்து வாசிக்க உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?" என்றான் கானன்.

"நீ ஏன்டா கேட்கலை?"

"நீ கூப்பிட்டதும் ஓடி வந்துடுவேன். கேட்கிறதுக்கு எங்க நேரம்?"