பிளகோட்டா எழுந்து நின்றான்

தம்பி உள்ளே போய்க் கதவு சாத்தியதும் மிலூன்கா அதில் காதை வைத்தாள்.

அவள் தம்பி மனைவிதான். ஆனாலும் எங்கள் வீட்டுப் பெண் அரசாங்க அலுவலகத்துக் கதவில் பல்லி போல ஒட்டிக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"என்ன கேக்கறாங்க?" என்றேன், சுவரிடம்.

"காலுறை யாரு மாட்டி விடறாங்கன்னு கேக்கறாங்க."

"என்ன சொல்றான்?"

"நான்தான்னு சொல்றாரு. உண்மைதானே பெரியவரே?"

உண்மை என்பதற்காக எதை வேண்டுமானாலும் வெளியில் சொல்லிவிடுவதா?

தம்பி பிளகோட்டா வனக்காவலன். துர்மித்தோர் மலையில், இடுப்பளவு பனியில் கள்ளமரம் வெட்டுகிறவர்களைத் துரத்தித் துரத்தி இரண்டு இடுப்பு மூட்டும் போய்விட்டன. இன்று இந்த மருத்துவக் குழு 'வேலைக்கு இயலாதவர்' என்று எழுதினால் முழு ஓய்வூதியத்தோடு வீட்டில் இருப்பான். எழுதாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் மலை.

நடுவில் இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். இலகுவான வேலை. அவன் இலாகாவில் அதற்குக் கோப்பறை என்று பெயர். நிக்ஷிச் நகரில், மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது.

எல்லாம் எனக்குத் தெரியும். அவனை வளர்த்தவன் நான். ஆனால் துருக்கியரோடு சண்டை போட்ட காலத்திலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒருவனும் இயலாதவன் என்று பெயர் வாங்கியதில்லை. செத்திருக்கிறார்கள். அது வேறு.

அவன் உள்ளே போய்க் கெஞ்சிவிடக் கூடாதே என்றுதான் நானும் பஸ் ஏறி, நின்றபடியே வந்தேன்.

"எழுந்து நிக்கச் சொல்றாங்க," என்று மிலூன்கா சாவித் துவாரத்துக்குக் கண்ணை மாற்றிக் கிசுகிசுத்தாள். "முடியல… மேஜையப் பிடிக்கறாரு… ம்ஹூம், முடியல." ஓரக்கண்ணால் பார்த்தேன், அவள் முகம் மலர்ந்திருந்தது. "நல்லாப் போயிட்டிருக்கு பெரியவரே!"

உள்ளே ஓர் இளம் குரல், "அடப் பாவமே" என்றது.

எங்கள் வீட்டு ஆண்பிள்ளையைப் பார்த்து. பாவம்.

"வேணாம் பெரியவரே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்…" என்று மிலூன்கா கதவை மறித்தாள்.

நான் கதவைத் திறந்துவிட்டேன்.

மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். முன்னால் நாற்காலியில், பனியனோடு என் தம்பி.

என்னைப் பார்த்தான். எழுந்து நின்றான்.

மேஜையைத் தொடக்கூட இல்லை. பட்டாளத்துக்காரன் போல, சட்டென்று, நேராக.

பெரியவர் உள்ளே வந்தால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இடுப்பு மறந்தாலும் ரத்தம் மறக்காது.

என் நெஞ்சு நிமிர்ந்தது. வாசலில் மிலூன்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஜம்முனு நிக்கறாரே!" என்றான் இளம் டாக்டர், பேனாவை எடுத்தபடி. "கோப்பறைக்குத் தாராளமா ஆவாரு."

நடுவில் இருந்த தலைமை டாக்டர் ஓர் அம்மாள். வாயைத் திறந்ததுமே எங்கள் மலைக்காரி என்று தெரிந்துவிட்டது.

"நீ கடற்கரைக்காரன், உனக்குத் தெரியாது. எங்க ஊர்ல பெரியவர் வந்தா பொணங்கூட எழுந்து நிக்கும். இது கணக்குல சேராது. உக்கார வெச்சு மறுபடி பாப்போம்." தம்பியிடம் திரும்பினார். "உக்காருங்க."

அவன் உட்காரவில்லை. நான் நிற்கிறேனே.

அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார். "அப்ப முதல்ல நீங்க உக்காருங்க பெரியவரே."

"அரசாங்க நாற்காலியில எனக்குப் பழக்கமில்ல," என்றேன்.

அவர் காத்திருந்தார். நானும் நின்றேன். தம்பியும் நின்றான்.

அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கால்கள் நடுங்கத் தொடங்கின. விழப்போகிறான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. விழுவானே தவிர எனக்கு முன்னால் உட்கார மாட்டான் என்று எனக்குத் தெரியும். நான் வளர்த்த வளர்ப்பு.

"அண்ணா," என்றான், பல்லைக் கடித்தபடி. "உக்காருண்ணா."

அவன் கெஞ்சியே விட்டான். டாக்டர்களிடம் இல்லை.

உட்கார்ந்தேன்.

அடுத்த நொடி அவனும் மரம் சாய்வது போல நாற்காலியில் சரிந்தான். "இப்ப எழுந்திருங்க," என்றார் அந்த அம்மாள். அவனால் முடியவில்லை. மேஜையைப் பிடித்தும் முடியவில்லை. அம்மாள் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார்.

முழு ஓய்வூதியம். மிலூன்கா வாசலிலேயே சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் போகலாம்."

மிலூன்கா உள்ளே வந்து தூக்கிவிட்டாள். பிளகோட்டா நாற்காலியின் கை, அவள் தோள், கதவின் பிடி என்று ஒவ்வொன்றாகப் பற்றி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தான்.

நான் உட்கார்ந்தே இருந்தேன்.

"பெரியவரே?" என்றார் அந்த அம்மாள்.

"இங்கேருந்து பாத்தா மலை நல்லாத் தெரியுது," என்றேன்.

ஜன்னலில் கனமான திரை போட்டிருந்தது.

தம்பி திரும்பிப் பார்த்தான். மூன்று வருடமாக நான் ஏன் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன் என்று வீட்டில் அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. தத்தித் தத்தி வந்து, குனிந்து, என் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்தான். நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அவன் முனகினான், நான் முனகினேன், நாற்காலியும் முனகியது. அரைவாசி எழுந்ததும் அப்படியே நின்றுவிட்டோம். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை.

இளம் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தான்.

"மேடம், இதுல விண்ணப்பம் போட்டவரு யாரு?"

"இவன்தான்," என்றேன், தம்பியின் தோளில் முகத்தை வைத்தபடியே. "நான் துணைக்கு வந்தவன்."