பேட்டரி இல்லாத கேமரா

"கழுத்துல இது கெடந்தா ஒருத்தனும் கேள்வி கேக்க மாட்டான்" என்று வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் மாட்டிவிட்ட கேமராவில் பேட்டரி இல்லை. விமான நிலைய அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, சுற்றுலாப் பயணி என்று மரியசெல்வத்துக்கு முப்பது நாள் முத்திரை குத்தினார். தெருவில் போலீஸ் நிறுத்துமோ என்று அவன் அதைக் கழற்றவே இல்லை. கடை கடையாக ஏறி வேலை கேட்டான். இல்லை என்றார்கள்.

இருபத்தேழாம் நாள், ஓர் உணவகத்தின் பின்வாசலில் ஒருவன் தமிழ்ப்பாட்டை முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். மரியசெல்வம் வாயெடுப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"சுத்திப் பாக்க வந்தீங்களாண்ணே? பொண்ணு வீட்டுல போட்டோ கேக்குறாங்க. போன்ல எடுத்தா மூஞ்சி கருத்துப்போவுது. உங்க கேமராவுல ஒண்ணு எடுங்கண்ணே."

ஈரக்கையால் தலையைப் படிய வாரிக்கொண்டு சுவரோரம் நின்றான். மரியசெல்வம் கேமராவைக் கண்ணில் வைத்துப் பொத்தானை அழுத்தினான்.

"விழுந்துச்சாண்ணே?"

"ம்."

"காட்டுங்க."

"ஊருக்குப் போய்த்தான் அனுப்பணும்."

"எப்பப் போறீங்க?"

"மூணு நாள்ல."

அவன் போன் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினான். திரும்பியபோது பின்னால் ஐந்து பேர் வந்தார்கள். ஒருவன் இஸ்திரி போட்ட சட்டைக்குப் பொத்தான் மாட்டிக்கொண்டே வந்தான். ஒருவன் முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. உயரமானவர்கள் தாங்களாகவே பின்வரிசைக்குப் போனார்கள்.

உள்ளேயிருந்து முதலாளி கத்தினார். "ஏற்கனவே ரெண்டு ஆள் கொறையுது, எல்லாரும் எங்கடா போய்த் தொலைஞ்சீங்க?"

யாரும் அசையவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு கேமராவையே பார்த்தார்கள்.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றான் மரியசெல்வம்.