வலது பக்க விளக்கு

மறுநாள் காலை மகளையும் பிறந்த குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். போன மாதம்தான் வாங்கிய பழைய காரில் முகப்பு விளக்குகள் இரண்டும் மங்கி மஞ்சளாகக் கிடந்தன. சாயங்காலம் கணவனும் மனைவியும் ஷெட்டுக்குள் உட்கார்ந்து அவற்றைச் சுத்தம் செய்தார்கள். அவர் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தார். அவள் பாலிஷ் போட்டுத் துணியால் துடைத்தாள்.

“ரெண்டு கண்ணுக்கும் புரை எடுத்தாச்சு.”

“டாக்டரய்யா, மொதல்ல லைட்டைப் போட்டுக் காட்டுங்க” என்று அவள் சிரித்தாள்.

அவர் வண்டிக்குள் ஏறி விளக்கைப் போட்டார். எதிர்ச்சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் விழுந்தன. வலது வட்டத்துக்குள் ஓர் ஆளின் நிழல் நின்றது.

“கொஞ்சம் தள்ளி நில்லேன். உன் நிழல் விழுது.”

“நான் உங்க பக்கத்துலதானே நிக்கிறேன்.”

அவள் அவர் பக்கத்துக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். விளக்கில் கறை எதுவும் மிச்சம் இருக்கிறதோ என்று போய் அழுத்தித் துடைத்துவிட்டு வந்தாள். நிழல் போகவில்லை, பெரிதாகிக்கொண்டே வந்தது. விளக்கை நோக்கி நடந்து வருகிறவர்களின் நிழல்தான் அப்படிப் பெரிதாகும். கடைசியில் சுவர் முழுவதும் கறுத்துவிட்டது.

“அணைங்க. அணைச்சுடுங்க!”

அவர் அணைத்தார். ஷெட் இருண்டது. கதவு எதுவும் திறக்கிற சத்தம் கேட்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால், குழந்தைக்காக மெத்தை விரித்திருந்த சீட், யாரோ ஏறி உட்கார்ந்ததைப் போல மெல்ல அழுந்தியது.