பக்கத்து வீட்டு ஏசி

"அவ ஒட்டுக் கேக்குறா ஷமிக்கா. சத்தியமா சொல்றேன்!"

துணி அலமாரிக்குள்ளிருந்து கெண்ட்ரெல் மனைவியைப் பார்த்துத் தலையை நீட்டினான். மெம்பிஸ் நகரத்து ஜூலை வெயிலில், இரைச்சல் பதிவாகக் கூடாதென்று சொந்த ஏசியையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு, குளிர்காலக் கோட்டுகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தி ராப் பாட்டுப் பதிவு செய்கிறவனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"யாரு, பக்கத்து வீட்டு மிஸ் எர்லீனா? பாவம், ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில வேலை பாத்துட்டு வந்து பகல்ல தூங்குற பொம்பளை."

"தூங்குறவ எதுக்கு நான் பாட ஆரம்பிச்சதும் ஏசியை நிறுத்தணும்? போன வாரம் வரைக்கும் நாள் பூரா 'ங்ங்ங்'னு ஓடிட்டிருந்துச்சு. ஒரு வரி சுத்தமா பதிவாகல. இப்ப நான் வாயைத் திறந்தா நின்னுடுது. ஏன்? நான் பாடுறது அவளுக்குத் தெளிவா கேக்கணும். கேட்டுட்டு வீட்டுக்காரன்கிட்ட வத்தி வைக்கணும்!"

'சத்தம்னு இன்னொரு புகார் வந்தா மூட்டையைக் கட்டு' என்று வீட்டுக்காரர் ஹோல்கோம் திங்கட்கிழமைதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த வாடகைக்கு ஊரில் வேறு வீடு கிடைக்காது.

"இரு, கையும் களவுமா பிடிக்கிறேன்."

கெண்ட்ரெல் கம்ப்யூட்டரைத் தொடவேயில்லை. அலமாரிக்குள் நின்று சும்மா உரக்கச் சொன்னான். "ரெடி! ரெக்கார்டிங்!"

சுவருக்கு அந்தப் பக்கம் ஏசி நின்றது.

"சரி, முடிஞ்சுது!"

ஏசி மறுபடி ஓடத் தொடங்கியது.

ஷமிக்காவுக்கே தூக்கிவாரிப் போட்டது. "அடிப்பாவி!"

"ரெடி! ரெக்கார்டிங்!" என்று இன்னொரு தடவை கத்தினான். ஏசி நின்றதும் ஓடிப்போய்ப் பக்கத்துக் கதவைப் படபடவென்று தட்டினான்.

மிஸ் எர்லீன் கதவைத் திறந்தார். தூக்கம் கலையாத கண்கள், கழுத்தில் ஈரத் துண்டு, முகமெல்லாம் வியர்வை. வீட்டுக்குள்ளிருந்து அடுப்படி மாதிரி அனல் அடித்தது.

"மிஸ் எர்லீன், நான் பாடும்போதெல்லாம் ஏசியை ஏன் நிறுத்துறீங்க? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்."

"போன வாரம் 'இந்த ஏசி இரைச்சல்ல எல்லாம் பாழாப் போச்சு'ன்னு கத்துனியே கண்ணு. இதெல்லாம் ஒரு செவுரா? காதுல விழுந்துச்சு. அதான்..."

"அப்ப ஹோல்கோம்கிட்ட...?"

"அவரா? வந்து கேட்டாரு. எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையேன்னுட்டேன்."

கெண்ட்ரெலுக்கு வெட்கமாக இருந்தது.

மிஸ் எர்லீன் துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"முடிச்சிட்டியா கண்ணு? இப்ப ஏசியைப் போட்டுக்கலாமா?"