சத்தமாகச் சொல்லுங்க டாக்டர்

"சத்தமாச் சொல்லுங்க தம்பி. எனக்குக் காது மந்தம்."

டாக்டர் ஜெயபாலன் தொண்டையைச் செருமிக்கொண்டார். மலேசியாவின் ஈப்போவில், புனிதவதி ஆச்சியின் வீட்டுக் கூடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்தது ஆச்சியின் கணவர் நாச்சியப்பன் செட்டியாரை. அவருக்குத் தலைவலியாம், மாடியில் படுத்திருக்கிறாராம். தலைவலிக்காரர் வானொலியை அப்படி அலறவிட்டு ஜெயபாலன் எங்கேயும் பார்த்ததில்லை.

"எய்ட்ஸ், ஆச்சி! புதுசா வந்திருக்கிற நோய். நம்ம தீவுங்கள்ல மீன்பிடிக்கிற பையனுங்க போதை ஊசி போட்டுக்கிறாங்க. ஒரே ஊசிய நாலு பேரு மாத்தி மாத்திக் குத்திக்கிறாங்க. அதுல பரவுது. அங்க போயி, ரத்தம் எடுத்துப் பாத்து, ஆராய்ச்சி செய்யணும்."

"அதுக்கு எங்ககிட்ட ஏன் வந்தீக? கவர்மெண்டு இல்லையா?"

"கேட்டேன் லா. மொதல்ல பெரிய டவுனுங்களுக்குத்தானாம். தீவுல கொஞ்சம் ஜனந்தானேங்கிறாங்க. அங்க ஒரு கிளினிக்கூட இல்ல ஆச்சி. என்ன நோயின்னே தெரியாம செத்துப்போவாங்க."

அவர் ஏறி இறங்காத வாசல் இல்லை. எண்பத்தெட்டாம் வருஷத்தில் அந்த நோயின் பேரைச் சொன்னாலே ஆட்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். சங்கத்துக்காரர்கள், "நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் வராது டாக்டர்" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். செட்டியார் குடும்பத்துத் தர்மப் பணம்தான் கடைசி நம்பிக்கை. இதுவும் இல்லையென்றால் ஆராய்ச்சிக்கு முழுக்குத்தான்.

"சரி, அந்த நோய்க்காரவுக குடிச்ச தம்ளர்ல நாம குடிச்சா?"

"ஒண்ணும் ஆகாது."

"என்ன?"

"ஒண்ணும் ஆகாது!"

"தொட்டா?"

"தொட்டா ஒட்டாது ஆச்சி!"

மாடியில் வானொலி சட்டென்று நின்றது. அப்பாடா என்று ஜெயபாலன் குரலைத் தணித்தார். ஆச்சி விடவில்லை.

"கேக்கலையே தம்பி. இன்னும் கொஞ்சம் சத்தமா."

சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில், நாலு நிரை தள்ளிப் பால் வெட்டிக்கொண்டிருக்கும் அம்மாவைக் கூவிக் கூப்பிட்டு வளர்ந்த தொண்டை அது. மருத்துவம் படித்தபின் அதற்கு வேலையில்லாமல் இருந்தது. இன்றைக்கு வந்தது.

"தொட்டா ஒட்டாது! ஒரே வீட்டுல இருந்தாலும் ஒட்டாது!"

"அவுக கக்கூசுக்கு நாம போனா?"

"பயமே இல்ல!"

"கொசு கடிச்சா?"

"கொசுவால வராது!"

பக்கத்து வீட்டுச் சீனர் மாஜோங் ஆட்டக் கட்டைகளைக் கலைப்பதை நிறுத்திவிட்டு வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஜெயபாலனுக்குக் கூச்சமாக இருந்தது. சமையல்கார ராக்காயி ஓர் எனாமல் தட்டில் சோற்றை எடுத்துக்கொண்டு பின்கட்டுப் பக்கம் போனார். வீட்டில் நாய் வளர்க்கிறார்கள் போலிருக்கிறது என்று ஜெயபாலன் நினைத்துக்கொண்டார்.

"பெத்தவுக அவனைப் பக்கத்துல உக்காத்தி வச்சு, ஒண்ணாச் சாப்பிட்டா?"

அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"சாப்புடலேன்னாத்தான் ஆச்சி செத்துப்போவான்! நோய் அப்புறம் லா! பெத்தவங்களே தள்ளி வச்சா, அந்த வேதனையே ஆளைத் தின்னுரும். குஷ்டம், டீபின்னு நான் எத்தன பேரைப் பாத்துட்டேன்!"

ஆச்சி தலையைக் குனிந்துகொண்டார். காசு கேட்க வந்த இடத்தில் கத்தித் தொலைத்துவிட்டோமே என்று ஜெயபாலன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவுககிட்டக் கேட்டுச் சொல்றேன் தம்பி" என்றார் ஆச்சி.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். எல்லா வாசலிலும் கேட்டதுதான். எழுந்து கும்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுத்தார்.

"தொண்ட போனதுதான் மிச்சம்."

"பனங்கல்கண்டு போட்டுக்குங்க தம்பி, சரியாயிரும்" என்றார் ஆச்சி, கூடத்தின் மறுகோடியிலிருந்து.

ஜெயபாலன் திகைத்துத் திரும்பினார். அதற்குள் நாச்சியப்பன் செட்டியார் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

"டாக்டர், மீனுக்கு ஐஸ் ஏத்திக்கிட்டு எங்க படகு தெனமும் தீவுக்குப் போகுது. அதுலயே போலாம். மத்த செலவும் நம்மது" என்றவர், உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ராக்காயி! அந்தத் தட்டைத் திருப்பி எடுத்துட்டு வா. கூடத்துல இலை போடு. அடைக்கப்பன் இனிமே என் பக்கத்துலதான் சாப்புடுவான்."

அவனைக் கூட்டிவர அவரே பின்கட்டுக்குப் போனார்.

ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"எம் மகன் தம்பி. தீவுல எங்க ஐஸ் வியாபாரத்தப் பாத்துக்கிட்டிருந்தான். அந்தப் பாழாப்போன ஊசியால இப்படி வந்து கெடக்கான். ஒட்டாதுன்னு நான் சொன்னா, பொம்பளைக்கு என்ன தெரியும்பாக இவுக. இறங்கி வந்து உங்களைக் கேக்கவும் கௌரவம் விடல."

"அப்ப உங்க காது, ஆச்சி?"

"எனக்கென்ன, எறும்பு ஊர்றதுகூடக் கேக்கும்" என்றார் ஆச்சி, ரகசியம் போல. "மந்தம் மாடியிலதான் தம்பி இருந்துச்சு."