செத்த காளையின் கன்று

நாற்பத்தொன்பதாம் வருஷத்துப் பங்குனி வெயிலில், திருச்சியிலிருந்து திருமானூருக்குப் பஸ்ஸில் வந்திறங்கிய மாட்டு டாக்டர், ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கைக் கைக்குழந்தையைப் போல அணைத்திருந்தார்.

"பொலிகாளை முந்தாநாள் செத்துப்போச்சும்மா. அதோட விந்து கடைசியா இவ்வளவுதான். ஐஸ்ல இருக்கறதால கெடலை."

"செத்த காளை மோட்சத்துலேருந்து வந்து சினை புடிக்க வைக்குமா சார்?" என்று சிரித்தான் அடைக்கலசாமி. சினை தங்காத செவலைப் பசுவை அடிமாட்டுக்காரனிடம் தள்ளிவிட அவன் பேசி வைத்திருந்தான்; இந்தத் தடவை சினை பிடித்தால் மட்டும் வீட்டோடு இருக்கட்டும் என்று சொல்லியிருந்தான்.

"புடிக்கும். நீங்க வாலை மட்டும் புடிங்க" என்றாள் அவன் மனைவி பாத்திமா மேரி. அவளுக்கும் பிள்ளை இல்லை. பலன் தராததைத் தள்ளிவிடும் பேச்சு அந்த வீட்டில் தன்னைச் சுற்றியும் நடப்பதை அவள் அறிவாள். ஆனாலும் செவலை ஈனும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

மார்கழியில், பட்டப்பகலில், காளைக்கன்று பிறந்தது. மேரி அதன் மூக்கைத் துடைத்தாள். விரல் ஒரு துளையில் நுழைந்து மறுபக்கம் வந்தது. மூக்கு குத்தி, வருஷக்கணக்கில் கயிறு உரசிக் காய்த்துப்போன துளை.

அடைக்கலசாமி பின்வாங்கினான். "மாதாவே! வேணாம் மேரி, தாயையும் கன்னையும் ஓட்டிவுட்ரலாம்."

"சினை புடிச்சா வூட்டோட இருக்கட்டும்னு சொன்னது நீங்கதானே? இது நம்ம வூட்டுக் கன்னு. கழுத்துல கட்டக் கயித்தைக் கொண்டாங்க."

கொண்டுவந்தான். அப்போதுதான் காலூன்றி எழுந்த கன்று தாயின் மடிக்குப் போகவில்லை. கயிற்றைக் கண்டதும், முகத்தைத் தூக்கி, மூக்கை வாகாகக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றது.